ஓடாத லிஃப்ட் ஓடிய விதம்

ஒரு தையற்கடையின் மாடியில், மூன்று மேசைகளும் பதினான்கு கணினிகளும் அடைத்துக்கொண்ட ஓர் அறையில், மூன்று பேர் சேர்ந்து ஒரு விளையாட்டு நிறுவனத்தை நடத்தி வந்தனர். மூத்தவள் விளையாட்டுகளைப் படைப்பாள். அவளுடைய கணவர் அவற்றை ஊருக்கும் உலகுக்கும் அறிவிப்பார். அவளுடைய தங்கை, படைக்கப்பட்ட விளையாட்டு எல்லா இயந்திரங்களிலும் ஓடும்படி செய்வாள். மூவரில் அதிகம் திட்டு வாங்குபவர் யார் என்று கேட்டால், இளையவள்தான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? விளையாட்டு நன்றாக இருந்தால் புகழ்க் கடிதம் அக்காவுக்கு வரும். எங்கோ ஒருவருடைய கைப்பேசியில் திரை கறுத்துப் போனால் வசவுக் கடிதம் தங்கைக்கு வரும்.

இயங்குதளம் என்பது யாதெனில், ஒரு விளையாட்டு குடியிருக்கும் வீடு எனலாம். வீடு மாறினால் குடியிருப்பவரின் நடை உடை பாவனைகளும் மாற வேண்டியிருக்கிறது. மேசைக் கணினிக்குச் சுட்டி உண்டு. கைப்பேசிக்கு விரல் மட்டுமே உண்டு, அந்த விரலும் பாதிப் படத்தை மறைத்துவிடும். தொலைக்காட்சியில் பொருத்தி ஆடும் பெட்டிக்குப் பன்னிரண்டு பொத்தான்கள். அவற்றுள் நான்கை யாரும் தொடுவதே இல்லை, ஆயினும் அவை இல்லையென்றால் சண்டைக்கு வருவார்கள். இத்தனை வீடுகளிலும் அதே விளையாட்டு அதே முகத்தோடு நடமாட வேண்டும். இளையவள் இந்தக் குடி பெயர்ப்பு வேலையைப் பதினோரு ஆண்டுகளாகச் செய்து வந்தாள். நல்ல முறையில் செய்தால் அப்படி ஒரு வேலை நடந்ததே யாருக்கும் தெரியாது என்பது இத்தொழிலின் சிறப்பு. அதுவே இத்தொழிலின் தலையெழுத்தும் ஆகும்.

அவர்களுடைய விளையாட்டுகளுள் பெயர் பெற்றது "எழுபது மாடி". ஆடுபவர் ஒரு மின்தூக்கியை இயக்குபவர். கீழ்த்தளத்தில் ஒரு பயணி ஏறுவார். அவரை அவருக்குரிய மாடியில் இறக்கிவிட வேண்டும். விரைவாக இறக்கினால் மதிப்பெண் கூடும். மதிப்பெண்ணைக் கொண்டு தடித்த கயிறும் பெரிய மோட்டாரும் வாங்கிப் பொருத்தலாம். அப்போது மின்தூக்கி அம்பு போலப் பாயும். இந்த வேகத்துக்காகவே மக்கள் அதை மொய்த்தார்கள். அரை நிமிடத்தில் ஆறு பயணிகளை இறக்கிய ஒருவனின் காணொளியை இலட்சக்கணக்கானோர் பார்த்திருந்தனர்.

ஆனால் மூத்தவள் நான்கு ஆண்டுகள் உழைத்தது வேகத்துக்காக அன்று. அந்தப் பயணிகள் பேசுவார்கள். இடைவெளி விசையை ஒரு முறை தட்டினால் திரையில் ஒரு வாக்கியம் வரும். நாற்பத்தெட்டுப் பயணிகள், ஆளுக்கு ஏறத்தாழ முப்பது வாக்கியங்கள். ஒவ்வொருவரும் எழுபது மாடி உயரத்துக்குச் சொல்லும் அளவு ஒரு வாழ்க்கையைச் சுமந்து வந்தார்கள். ஆடியவர்கள் சராசரியாக எத்தனை வாக்கியங்களைக் கேட்டார்கள் என்று கணினியே கணக்கெடுத்துச் சொன்னது: இரண்டு. மூத்தவள் அந்த எண்ணை ஒரே ஒரு முறை பார்த்தாள். அதன் பிறகு அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

அவ்வாக்கியங்கள் அனைத்தையும் படித்தவள் உலகில் ஒருத்தி உண்டெனில் அவள் இளையவள்தான். ஒவ்வொரு இயந்திரத்திலும் எழுத்து சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டுமே! முதலில் கடமைக்குப் படித்தாள். பிறகு வேலை முடிந்த பின்னும் படித்தாள். இந்த அக்காவா இப்படி எழுதினாள், காலையில் காபியில் சர்க்கரை குறைந்தால் வீட்டையே இரண்டாக்கும் இந்த அக்காவா என்று வியந்தாள். அதை அவளிடம் சொன்னதில்லை. கூடப் பிறந்தவர்கள் ஒருவரையொருவர் முகத்துக்கு நேரே பாராட்டிக்கொள்ளும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை.

இப்படியிருக்க, இளையவளுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியைக் கேட்டன: "எங்க கம்ப்யூட்டர்ல இது வருமா?" அந்தக் கம்ப்யூட்டர்கள் அலுவலகங்கள் கழித்துப் போட்டவை, பள்ளிகளிலும் நூலகங்களிலும் இரண்டாம் பிறவி எடுத்தவை. தம் பெயரைக்கூடப் பெரிதாகப் போட்டுக்கொள்ளாத தன்னார்வலர்கள் பல நாடுகளில் இருந்துகொண்டு இலவசமாக எழுதித் தரும் இயங்குதளமே அவற்றை உயிரோடு வைத்திருந்தது. முகம் தெரியாத அந்த மனிதர்கள்மேல் இளையவளுக்கு அளவு கடந்த மரியாதை. எவனோ ஒருவன் தன் ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து, பதினைந்து ஆண்டுப் பழைய ஒலி அட்டையைப் பேச வைத்திருக்கிறான். நான் ஒரு மின்தூக்கியை ஏற்றி இறக்க மாட்டேனா என்று முனைந்தாள். எட்டு மாதங்கள் ஆயின. அந்தப் பழைய இயந்திரங்கள் பின்னக் கணக்கில் திணறும் என்பதால், விளையாட்டின் கணக்குகள் அனைத்தையும் முழு எண்களாக மாற்றி எழுதினாள். அவள் மேசையில் இருந்த பழைய கணினியில் அது அழகாக ஓடியது. பக்கத்து ஊர்ப் பொது நூலகத்தின் கணினி அறைக்கு அதைச் சோதனைக்கு அனுப்பினாள்.

மூன்று வாரங்கள் கழிந்தன. அதற்குள் வேறொரு செய்தி வந்தது. பெரிய வெளியீட்டு நிறுவனம் ஒன்று "எழுபது மாடி"யை எடுத்துக்கொள்ள முன்வந்தது. எந்தெந்த இயங்குதளங்களில் அது கிடைக்க வேண்டும் என்ற பட்டியலை வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். பட்டியலில் இல்லாத பதிப்பைத் திரும்பப் பெற்றுவிட வேண்டும் என்பது அவர்களின் விதி. பழைய இயந்திரப் பதிப்பைச் சேர்ப்பதா, எட்டு மாத உழைப்பைக் கைகழுவுவதா என்பது அந்த நூலகத்திலிருந்து வரும் ஒரு பதிலைப் பொறுத்திருந்தது.

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்னர், மூத்தவளின் கணவர் நூலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அவர் நல்ல மனிதர். ஆனால் கெட்ட செய்தியைக் காது கொடுத்துக் கேட்கும் திராணி அவருக்கு இல்லை. இளையவளுக்குக் கேட்டது இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டுமே.

"வணக்கங்க. நம்ம கேம் எப்படி ஓடுது?... ஓ... அப்படியா?... பரவாயில்லைங்க, பரவாயில்லைங்க. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம். வச்சிடுறேன்."

"என்னவாம்?" என்றாள் மூத்தவள்.

"ஓடலையாம்." தாமே குற்றம் செய்தவர் போல அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். "மூணு வாரமா ஓடவே இல்லையாம்."

மூத்தவள் எழுந்து வந்து தங்கையின் தோளில் கை வைத்தாள். இது அரிய நிகழ்ச்சியாகும். "விடுடி. இதுல உன் தப்பு ஒண்ணும் இல்ல."

"என் தப்பு இல்லாம வேற யார் தப்பு? ஓடலன்னா அது என் தப்புதான்."

"அட, ஓடுறதும் ஓடாததும் நம்ம கையிலயா இருக்கு?"

"பின்ன யார் கையில இருக்கு? அதுக்குத்தானே நான் இங்க நாற்காலியத் தேச்சிட்டு உக்காந்திருக்கேன்!"

"ஜனங்களுக்குப் பிடிக்கணும்ல?"

"ஜனங்க எங்க வந்தாங்க இதுல? மெஷினுக்குப் பிடிச்சாப் போதும்."

சகோதரிகள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். பிறகு இருவர் தலையும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பியது.

"மாமா," என்றாள் இளையவள் மெதுவாக, "நீங்க எந்த ஓடுதுன்னு கேட்டீங்க?"

"எந்த ஓடுதுன்னா? ஓடுது எத்தனை இருக்கு?"

"ரெண்டு இருக்கு. படம் ஓடுற ஓடுது ஒண்ணு. மோட்டார் ஓடுற ஓடுது ஒண்ணு."

"நான் படம் ஓடுற ஓடுதுதான் கேட்டேன்."

"அவங்க எந்த ஓடலையச் சொன்னாங்க?"

"அத எப்படிம்மா கேக்குறது? மனசு கஷ்டமாப் போச்சு. 'ஆனா'ன்னு ஏதோ ஆரம்பிச்சாங்க, நான் வச்சிட்டேன்."

"ஆனா வரைக்கும் கேட்டவரு, அதுக்கு மேல ரெண்டு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"ஆனாவுக்கு அப்புறம் ஆறுதல்தான் சொல்லுவாங்க. எனக்கு ஆறுதல் தாங்காது."

உடனே மீண்டும் அழைத்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, நூலகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

"எந்த ஓடலையா இருந்தா என்ன?" என்றாள் மூத்தவள். "ரெண்டும் ஓடலதானே? மெஷின்ல ஓடலன்னா நாளைக்குள்ள உன்னால சரி பண்ண முடியாது. ஜனங்ககிட்ட ஓடலன்னா எப்பவுமே சரி பண்ண முடியாது."

"பட்டியல் அஞ்சு மணிக்குத்தானே? அஞ்சு மணி வரைக்கும் என்னைக் கேக்காம அனுப்பாத."

"என்ன பண்ணப் போற?"

"நேர்ல போய் ஆனாவுக்கு அப்புறம் என்னன்னு கேட்டுட்டு வரேன்."

மறுநாள் காலை முதல் பேருந்தில் இளையவள் புறப்பட்டாள். இரண்டு மணி நேரப் பயணம். மடிக்கணினியை மடியில் அணைத்துக்கொண்டு, இயந்திரத்தில் ஓடாமற் போவதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள்; பத்தொன்பது கிடைத்தன. மக்களிடையே ஓடாமற் போவதற்கான காரணங்களை எண்ணத் தொடங்கினாள், ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த வாக்கியங்களை ஒருவர் கேட்டுவிட்டு எழுந்து போக முடியும் என்பதை அவள் மனம் ஒப்பவில்லை.

நூலகர் உயரமான பெண்மணி. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதையே மேசையில் தேடும் பழக்கம் உடையவர். இளையவள் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"நேத்தே சொன்னேனேங்க, ஓடலன்னு. சார் முழுசாக் கேக்கவே மாட்டேன்னுட்டார்."

"நான் கேக்குறேன், சொல்லுங்க. என்ன ஓடல?"

"லிஃப்டுங்க. லிஃப்ட் ஓடல."

இளையவள் இரண்டு ஓடலைகளை எதிர்பார்த்து வந்திருந்தாள். இது மூன்றாவது.

"லிஃப்ட் மட்டும் ஓடலையா?"

"லிஃப்ட் மட்டும்தான். ஆளு ஏறுறாங்க, கதவு மூடுது. அப்புறம் அங்கேயே நிக்குது. ஒரு மாடிகூட ஏறல, மூணு வாரமா."

"அப்ப யாருமே ஆடலையா?" அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

நூலகர் சிரித்தார். "உள்ள போய்ப் பாருங்க. நின்னுக்கிட்டே பாருங்க, உக்கார இடம் கிடைக்காது."

கணினி அறையில் ஏழு இயந்திரங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் பூசணிக்காய் பருமனில் பழைய கண்ணாடித் திரை. இருபது பேருக்குக் குறையாமல் கூடியிருந்தனர். பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள் ஒரே நாற்காலியை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டிருந்தனர். ஒரு செவிலி, மடியில் குழந்தையை வைத்திருந்த ஒரு தாய், எண்ணெய்க் கறை படிந்த நீலச் சட்டையில் ஒரு வாகன மெக்கானிக். ஆட்டக் கூடத்துக்கு உரிய கூச்சல் அங்கே அறவே இல்லை. இடைவெளி விசையைத் தட்டும் ஒலி மட்டும் ஏழு மூலைகளிலிருந்தும் நிதானமாக, சொட்டுச் சொட்டாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஏழு திரைகளிலும் ஏழு மின்தூக்கிகள் கீழ்த்தளத்தில் அசையாமல் நின்றன. ஏழு பயணிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். மக்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. நாற்பத்தெட்டுப் பயணிகளின் அடையாளமும் அதில் யாரோ கைப்பட எழுதியிருந்தார்கள்: "கோட்டு போட்ட வக்கீல்", "செருப்பைக் கையில் வைத்திருப்பவர்", "பல் டாக்டர்". யார் யாரை முழுதாகக் கேட்டு முடித்தார்கள் என்பதற்கு எதிரே குறிகள். ஒருவர் பேசி முடித்ததும் விளையாட்டை மூடித் திறந்தால் வேறொருவர் ஏறுவார் என்பதையும் அவர்களே கண்டுபிடித்திருந்தனர்.

"ஆளுக்கு இருபது நிமிஷம்னு விதி போட்டிருக்கேன்," என்றார் நூலகர். "இல்லன்னா அடிதடி."

எட்டு மாதமாக இளையவள் ஓட வைக்கப் பாடுபட்ட பொருள் ஓடவில்லை, ஓடாததாலேயே ஓடிக்கொண்டிருந்தது. மகிழ்வதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. தொழில் தெரிந்தவளாதலால் முதலில் வெட்கப்பட்டாள்.

நான்காம் எண் கணினியின் முறை மாறும் நேரத்தில் அதை அரை மணிக்கு இரவல் வாங்கினாள். காரணத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மின்தூக்கி ஒரு விநாடிக்கு அறுபத்து நான்கு படிகள் ஏற வேண்டும். திரை ஒரு விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறதோ, அந்த எண்ணால் அறுபத்து நான்கை வகுத்து, ஒவ்வொரு முறையும் அத்தனை படி ஏறுமாறு அவள் எழுதியிருந்தாள். அவள் மேசையிலிருந்த திரை அறுபது முறை புதுப்பித்தது. அறுபத்து நான்கில் அறுபது ஒரு முறை போகும். ஆகவே ஒரு படி ஏறியது. இந்தப் பூசணித் திரைகளோ எழுபத்தைந்து முறை புதுப்பித்தன. அறுபத்து நான்கில் எழுபத்தைந்து எத்தனை முறை போகும்? பின்னங்களைத்தான் அவளே ஒழித்துவிட்டாளே! சுழியம் முறை. மின்தூக்கி ஒரு விநாடிக்கு எழுபத்தைந்து தடவை, சுழியம் படி ஏறிக்கொண்டிருந்தது. பாவம், அது ஓயாமல்தான் உழைத்தது.

"மூணாங்கிளாஸ் கணக்கு," என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். மீதியைத் தூக்கி எறியாமல் அடுத்த முறைக்குச் சேர்த்து வைக்குமாறு நான்கு வரிகளை மாற்றினாள். நான்காம் கணினியில் மின்தூக்கி குலுங்காமல் எழும்பியது. அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த முறை செவிலிக்கு. அவள் அமர்ந்து பல் மருத்துவரை ஏற்றினாள். தட்டினாள், கேட்டாள், தட்டினாள். ஒன்பதாம் வாக்கியத்தில் கதவு திறந்தது. பல் மருத்துவர் இறங்கிப் போனார்.

"ஐயையோ!" செவிலி எழுந்தே விட்டாள். "எங்கங்க போறாரு?"

"அவர் மாடி வந்துடுச்சுங்க," என்றாள் இளையவள். "இப்பதான் சரியா ஓடுது."

"இதுக்குப் பேரு சரியா? பொண்ணு போன் பண்ணினாளா இல்லையான்னு சொல்ல வாயைத் திறந்தாருங்க! யாரு இதைக் கெடுத்தது?"

அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. கெடுத்தவள் மடிக்கணினியை மூடிக்கொண்டாள். செவிலி ஐந்தாம் கணினியின் வரிசையில் போய் நின்றாள். அவளைத் தொடர்ந்து வந்தவர் எவரும் நான்காம் எண் நாற்காலியில் உட்காரவில்லை. குறையொன்றும் இல்லாத அந்த ஒரே மின்தூக்கி ஆளில்லாமல் காத்து நின்றது.

இளையவள் வெளியே வந்து அக்காவை அழைத்தாள்.

"ஓடுதா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு," என்றாள் மூத்தவள்.

"ஓடல. அதனால பிச்சுக்கிட்டு ஓடுது."

"உனக்குத் தலைக்கு எண்ணெய் வச்சு எத்தனை நாளாச்சு?"

"நீ வந்து பாரு."

"இன்னிக்கு அஞ்சு மணிக்குப் பட்டியல் போகணும், ரெண்டு மணி நேரம் பஸ்ல வந்து லிஃப்டப் பாக்கச் சொல்றியா?"

"லிஃப்டப் பாக்க வேண்டாம்." இளையவள் சற்றுத் தயங்கினாள். வாழ்நாளில் சொல்லாத ஒன்றைச் சொல்வதற்கு நா எழவில்லை, ஆயினும் சொன்னாள். "நீ எழுதினத இருபது பேர் வரிசையில நின்னு கேக்குறாங்க அக்கா. கடைசி வரைக்கும் கேக்குறாங்க. நான் கேட்ட மாதிரியே."

"நீ எப்பக் கேட்ட?" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் மூத்தவள் தொலைபேசியை வைத்தாள்.

இரண்டரை மணிக்கு அவள் வந்து சேர்ந்தாள். வாசலில் நின்ற தங்கையை ஏறிட்டுப் பார்த்தாள். அறைக்குள் நுழைந்து, சுவர்த் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பின்னர் மெக்கானிக்கின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். காலையில் முறை முடிந்த அவன் மதியத்துக்கும் சீட்டு வாங்கியிருந்தான்.

அவனுடைய மின்தூக்கியில் ஒரு பெண் நின்றாள். கையில் ஒரு கண்ணாடி மீன் தொட்டி. அறுபத்தோராம் மாடிக்குப் போக வேண்டியவள். பழைய வீட்டிலிருந்து வேறெதையும் எடுத்துக்கொள்ளாமல் மீனை மட்டும் எடுத்து வந்திருக்கிறாள். மெக்கானிக் ஒரு வாக்கியத்தைத் தட்டுவான். உதட்டை அசைத்துப் படிப்பான். சற்று நேரம் சும்மா இருப்பான். பிறகு அடுத்ததைத் தட்டுவான். மூத்தவளின் உதடுகளும் அசைந்தன. அவள் அடுத்த வாக்கியத்தை அவனுக்கு முன்னதாகவே சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதை இளையவள் கண்டாள். இந்த அறையில் தன் அக்காவை முதன்முறையாகப் பார்ப்பது போல அவளுக்குத் தோன்றியது. ஒரு மனிதனின் இரண்டு நிமிட மௌனத்தை எங்கிருந்தோ எழுதி அனுப்ப முடிகிற ஒருத்தியோடு இத்தனை காலம் ஒரே குளியலறைக்குச் சண்டை போட்டிருக்கிறோமே என்று எண்ணினாள்.

முப்பத்தோராம் வாக்கியம் வந்தது. அதற்குப் பிறகு எத்தனை தட்டினாலும் அந்தப் பெண் அதையே சொன்னாள்: "தண்ணீர் தளும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

"சே!" என்றான் மெக்கானிக், யாரிடம் என்றில்லாமல். "மீன் யாருதுன்னு சொல்லாமலே நிறுத்திடுறா. மூணாவது வாட்டி கேக்குறேன். ஏதாவது விட்டுட்டேனான்னு."

"அவ தங்கச்சியோடது," என்று மூத்தவளின் வாயிலிருந்து வந்துவிட்டது.

அவன் திரும்பினான். "உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க எத்தனை வாட்டி கேட்டீங்க?"

"கொஞ்சம் அதிகமாவே."

"எனக்கு மட்டும் சொல்ல மாட்டேன்னா பாத்தீங்களா? தங்கச்சி எங்க போனா?"

எழுதும்போது அதை மூத்தவள் யோசித்திருக்கவில்லை என்பது இளையவளுக்குத் தெரியும். இரண்டு வாக்கியத்துக்கு மேல் கேட்காதவர்களுக்காக முப்பத்திரண்டாவதை யார் யோசிப்பார்?

மூத்தவள் தங்கையை மூலைக்கு அழைத்துப் போனாள். காலியாக இருந்த நான்காம் கணினியைக் காட்டி, "இது ஏன் இப்படி அநாதையா நிக்குது?" என்றாள்.

"அது நான் சரி பண்ணினது."

மூத்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "மத்த ஆறையும் தொடாத."

"முடியாதுக்கா. அது தப்பு. அறுபத்து நாலை எழுபத்தஞ்சால வகுக்கத் தெரியாதவன்னு என் பேர் போட்டு வெளிய போகக் கூடாது. நாளைக்கு வேற ஒருத்தன் அறுபது திரையில போட்டா லிஃப்ட் ஓடும், பக்கத்து வீட்டுல ஓடாது. ஒரே கேம், ரெண்டு இடத்துல ரெண்டு மாதிரி. அதைத் தடுக்கத்தானே எனக்குச் சோறு போடுறீங்க?"

"ஓட வச்சா இவங்க எல்லாரும் எழுந்து போயிடுவாங்கடி."

இருவர் சொன்னதும் உண்மை. சகோதரிகள் ஒரே நேரத்தில் இருவருமே சரியாக இருப்பது அந்தக் குடும்பத்தில் புதுமையாதலால், சற்று நேரம் செய்வதறியாது நின்றனர். இளையவள் நான்காம் திரையில் தெரிந்த மின்தூக்கியின் உட்சுவரைப் பார்த்தாள். எழுபது எண்களுக்கும் பொத்தான் இருந்தது. நான்கு ஆண்டுகள் பார்த்துப் பார்த்து வரைந்த அந்தச் சுவரில், எந்த மின்தூக்கியிலும் இருக்கும் ஒன்று இல்லை.

"அக்கா, நிறுத்துற பொத்தான் எங்க?"

"எந்தப் பொத்தான்?"

"சிவப்பா இருக்குமே, அவசரத்துக்கு. அமுக்கினா நடுவுல நிக்கும். விட்டா ஓடும். யாரு நிக்கணும், யாரு ஓடணும்னு ஆடுறவங்களே முடிவு பண்ணட்டும். என் கணக்கும் சரியா இருக்கும்."

மூத்தவள் திரையை உற்று நோக்கினாள். "நாலு வருஷமா இதை வரையாம விட்டிருக்கேன்," என்றாள். "எல்லாத்துலயும் வை. புது மெஷின்லயும். இங்கேருந்து அங்க போகட்டும்."

விளையாட்டின் குடி பெயர்ப்பு எப்போதும் புதிய வீட்டிலிருந்து பழைய வீட்டுக்கே நடக்கும். பழைய வீட்டில் பிறந்த ஒன்று புதிய வீட்டுக்குப் போவதை இளையவள் தன் பதினோரு ஆண்டுத் தொழிலில் கண்டதில்லை. மறு பேச்சு பேசாமல் அந்த அநாதைக் கணினியின் முன்னால் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். ஒரு சிவப்பு வட்டம். அதை அமுக்கினால் ஏறும் படி சுழியம். காலையில் தலைகுனிய வைத்த அதே சுழியத்தை இப்போது தன் கையாலேயே, வேண்டுமென்றே, எழுதிச் சேர்த்தாள்.

மூன்றே காலுக்கு மூத்தவளின் தொலைபேசி ஒலித்தது. அலுவலகத்திலிருந்து அவளுடைய கணவர்.

"பட்டியல்ல அதைச் சேக்கவா வேண்டாமா? ஓடுதான்னு மட்டும் சொல்லு."

"சேருங்க. முதல் வரியில சேருங்க."

"அப்ப ஓடுதா?"

"கேக்குறதா இருந்தா முழுசாக் கேளுங்க. இல்லன்னா வைங்க."

அவர் வைத்துவிட்டார். பட்டியல் மூன்றரைக்கே போய்ச் சேர்ந்தது என்று பின்னர் தெரிந்தது.

செவிலி தயங்கித் தயங்கி நான்காம் கணினியின் அருகில் வந்தாள். இளையவள் எழுந்து இடம் கொடுத்து, சிவப்பு வட்டத்தைக் காட்டினாள். பல் மருத்துவர் ஏறினார். ஆறாம் மாடி தாண்டியதும் செவிலி வட்டத்தை அமுக்கினாள். மின்தூக்கி இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றது. அவள் இளையவளை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். "இப்பச் சொல்லுங்க டாக்டர்," என்று திரையை நோக்கிச் சொல்லிவிட்டுத் தட்டத் தொடங்கினாள்.

அறையின் மறு பக்கத்தில் மூத்தவள் நூலகரிடம் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, மறுபடியும் வரிசையில் நின்று இடம் பிடித்திருந்த மெக்கானிக்கின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் குறிப்பேடு திறந்திருந்தது.

"நான்தான் இவளை எழுதினேன்," என்றாள் அவனிடம். "தங்கச்சி எங்க போனான்னு எனக்கே இன்னும் தெரியல. யோசிச்சுச் சொல்லட்டுமா?"

மெக்கானிக் அவளை நம்பலாமா என்று சற்று நேரம் பார்த்தான். பிறகு கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, திரையை அவள் பக்கம் சிறிது திருப்பி வைத்தான்.

"அவசரமில்லைங்க," என்றான். "எனக்கு ஷிஃப்ட் நாலு மணிக்குத்தான்."